மெதுவாக மிதிப்பவர் முன்னால்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5.30 மணிக்கு மதுரைத் தமுக்கம் மைதானத்தின் வாசலில் பதினைந்து பேரோ இருபது பேரோ சைக்கிளுடன் கூடுகிறோம். நகருக்குள்ளேயோ, நகரை ஒட்டிய ஊர்களுக்கோ ஒரு சுற்றுப் போய்விட்டு வெயில் உறைப்பதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம். 2020 பொதுமுடக்கத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது வாங்கிய சைக்கிள்களோடு, 2021 தொடக்கத்தில் ஐந்து பேராகத் தொடங்கிய வழக்கம் இது. எங்கள் குழுவுக்குப் பெயர் இல்லை. சந்தாவும் சீருடையும் இல்லை. இருக்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: அன்று வந்தவர்களில் யார் மிக மெதுவாக மிதிப்பாரோ அவர் முன்னால் போக வேண்டும், அவரை யாரும் முந்தக் கூடாது.

புதிதாக வருபவர்களுக்கு இந்த விதி விளங்குவதில்லை. வேகமாகப் போகிறவர் முன்னால் போய், முடியாதவர் பின்னால் வருவதுதானே இயல்பு, இதற்கு எதற்கு ஒரு விதி என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் நாங்களும் அந்த இயல்பின்படிதான் போய்க்கொண்டிருந்தோம். அதை ஏன் விட்டோம், விட்ட பிறகு எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை ஒவ்வொரு ஞாயிறும் தேநீர்க் கடையில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, ஒரு முறை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அந்தப் பழைய முறையில் ஒரு பிழை இருந்தது. அது கண்ணுக்குத் தெரியவே இல்லை. வேகமாகப் போகிறவர்கள் ஒவ்வொரு முக்குச் சாலையிலும் நின்று, பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருப்பார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று மிதிக்கத் தொடங்குவார்கள். காத்திருந்தவர்களுக்கு மூச்சு ஆறியிருக்கும், தண்ணீர் குடித்திருப்பார்கள். கடைசியாக வந்தவரோ வந்த மூச்சோடு மறுபடியும் மிதிக்க வேண்டும். இளைப்பாறத் தேவையில்லாதவர்களுக்கே இளைப்பாறுதல் கிடைத்தது. நாங்கள் எல்லோருமே காத்திருப்பதை ஒரு பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிழை ஒரு நாள் வெளிப்பட்டது. அன்று கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போயிருந்தோம். காளவாசல் தாண்டித் தேனி சாலையில் மேற்கே போய், நாகமலைப் புதுக்கோட்டையில் இடப்புறம் திரும்பினால் மலை கண்ணில் படும். அடிவாரத்தில் அய்யனார் கோயில், முன்னால் தாமரைக் குளம், சுற்றி விழுது இறங்கிய ஆலமரங்கள். சைக்கிள்களை மரத்தடியில் சாய்த்துவிட்டு, பாறையில் வெட்டிய படிகளில் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறினோம். அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழே உள்ள வட்டெழுத்துகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது ஒருவர் தலைகளை எண்ணினார். பத்தொன்பது பேர் கிளம்பியிருந்தோம். பதினெட்டுப் பேர்தான் இருந்தோம்.

இல்லாதவர் எங்கள் எல்லோராலும் அக்கா என்று அழைக்கப்படுபவர். ஐம்பதைக் கடந்தவர், மகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளைத்தான் ஓட்டி வருவார். ஒவ்வொரு முறையும் "நீங்க பாட்டுக்குப் போங்க தம்பி, நான் மெல்ல வந்து சேர்ந்துக்கிறேன்" என்று சொல்வார். நாங்களும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அன்று அவருடைய சைக்கிள் செயின் கழன்றிருக்கிறது. கையால் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சற்றுத் தூரத்தில் முன் சக்கரத்தில் முள் ஏறிவிட்டது. திறக்காத ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்த அவரை நாங்கள் திரும்பிப் போய்க் கண்டபோது, அவர் அங்கே வந்து நாற்பது நிமிடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் இரண்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்திருக்கிறார். ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டேன். "கூப்பிட்டா எல்லாரும் திரும்பி வரணுமே" என்றார். கோபப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தன் தெருவிலேயே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார். சொன்னபடியே இரண்டு ஞாயிறுகள் வரவில்லை.

அக்காவைப் பற்றி அதுவரை எங்களில் எவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதை அந்த இரண்டு வாரங்களில் உணர்ந்தேன். நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய ஊர் புதுக்கோட்டை மாவட்டம் என்று தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது; அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை ஓர் இயக்கமாகவே முன்னெடுத்தார். கல் குவாரியில் உடைப்பவர்களும் வயல் வேலைக்குப் போகிறவர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய காலம் அது. பெண்களுக்கான சைக்கிள் எல்லோருக்கும் கிடைக்காததால், முன்னால் குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். அக்கா அப்போது இருபது வயதுத் தொண்டர். மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் எடுத்து வந்து, பொழுது சாய்ந்த பிறகு, தன்னைவிட மூத்த பெண்கள் முப்பது பேருக்கு மேல் சைக்கிள் பழக்கியிருக்கிறார். பழகுபவரின் இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே ஓடுவாராம். பிடியை விட்ட பிறகும், விட்டதை அவர்களிடம் சொல்லாமல் கூடவே ஓடுவாராம். இத்தனை பேரைத் தன் கையால் தாங்கி விட்டவரைத்தான் நாங்கள் தனியே விட்டுவிட்டுப் போயிருந்தோம். நாகமலைப் புதுக்கோட்டைச் சாலையில் அந்தப் புதுக்கோட்டைப் பெண் தனியே சைக்கிள் தள்ளி நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மெதுவாக மிதிப்பவரை முன்னால் விடலாம் என்ற யோசனையைச் சொன்னவர் எங்களுடன் வரும் ஓய்வுபெற்ற ராணுவ வீரர். மலைப்பாதையில் அணியாக நடக்கும்போது நடை தளர்ந்தவரை முன்னால் விட்டு மற்றவர்கள் அவருடைய நடைக்குத் தங்கள் நடையைச் சேர்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். அப்படிச் செய்தால் எவருக்காகவும் எங்கேயும் நின்று காத்திருக்க வேண்டியதில்லை, அணி அறுபடாது, எண்ணிப் பார்க்கவும் அவசியம் வராது. மூன்றாவது ஞாயிறு அக்காவை வற்புறுத்தி அழைத்து வந்து முன்னால் நிறுத்தினோம். அவர் கூச்சத்துடன்தான் மிதித்தார். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்து, "யாருக்காச்சும் முன்னால போகணுமா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

மெதுவாக ஓட்டுவது எளிது என்று நினைத்திருந்தவர்களுக்கு அன்று அதிர்ச்சி காத்திருந்தது. அக்காவின் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். சைக்கிள் ஓடும்போது தானாக நிமிர்ந்து நிற்பது அதன் வேகத்தினால்தான். வேகம் குறையக் குறைய, ஓட்டுபவர் ஹேண்டில்பாரைச் சிறுகச் சிறுகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் பறந்து பழகிய இளைஞர்கள் முன் சக்கரத்தை ஆட்டி ஆட்டி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, தோள்பட்டை வலிக்கிறது என்றார்கள். மூன்று நான்கு வாரங்களில் அது சரியாகிவிட்டது. கியரைக் குறைத்துக்கொண்டு, மிதியைச் சீராக, விரைவாக, ஆனால் மென்மையாகச் சுழற்றுவதற்குக் கால் பழகிய பிறகு, அந்த வேகத்தில் மணிக்கணக்கில் களைப்பில்லாமல் போக முடிந்தது. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசவும் முடிந்தது.

அவருடைய சைக்கிளையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தோம். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தது. விழாமல் இருக்க இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காகத் தாழ்த்தி வைத்திருந்தார். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். தொடையின் வலு மிதிக்குப் போய்ச் சேராது. பத்துக் கிலோமீட்டரில் முழங்கால் நோகும். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் இருக்கையின் உயரம். ஒரே வாரத்தில் ஏற்றாமல், வாரத்துக்கு ஒரு விரல் அளவாக ஏற்றினோம். இரண்டு ஆண்டுகள் கூடவே வந்தவரின் இருக்கை தாழ்ந்திருப்பதை எவரும் பார்க்காததற்கும் எங்கள் பழைய முறையே காரணம். பின்னால் வருபவர் எப்படி மிதிக்கிறார் என்பது முன்னால் போகிறவருக்குத் தெரியாது.

வேகம் குறைந்ததும் தூரமும் குறைந்தது. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் என்று போய்க்கொண்டிருந்தவர்கள் இருபதோடு நிறுத்திக்கொண்டோம். மதுரை எப்படிப்பட்ட ஊர் என்பதை நான் அறிந்துகொண்டது இந்த இருபது கிலோமீட்டர்களில்தான். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி இப்படி எழுதுவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதை மோட்டார் வண்டியில் போகிறவர் அறிய வழியில்லை. சைக்கிளில் வேகமாகப் போகிறவரும் அறிவதில்லை. மெதுவாக மிதிக்கும்போது, கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் சாலையில்கூட ஓர் இடத்தில் மிதி கனக்கும், ஓர் இடத்தில் தானாக இளகும். மதுரையின் தரை பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. வைகையும் அப்படியே தென்கிழக்காகப் போகிறது. மேற்கே போகும் ஞாயிறுகளில் போகும்போது கால் கனத்து, திரும்பும்போது லேசாகிறது. இந்தச் சரிவை நம்பித்தான் இந்த ஊரின் கண்மாய்கள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன.

மாடக்குளத்துக்குப் போன ஒரு கார்த்திகை மாதக் காலை எனக்கு மறக்காது. கீழமாத்தூர், துவரிமான் கண்மாய்களைக் கடந்து வரும் வைகைத் தண்ணீர் கண்மாயில் தளும்பி நின்றது. கரைமேல் ஏறுவதற்குச் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. மேலே ஏறி நின்று பார்த்தால் மேற்கே நாகமலையின் நீண்ட முதுகு; தெற்கே பசுமலை; கிழக்கே, நாங்கள் நின்ற கரைக்குக் கீழே, நகரம். பாண்டியர் கல்வெட்டுகளில் அரசன் வீற்றிருந்து ஆணை பிறப்பித்த இடத்தைச் சொல்லும்போது "மாடக்குளக்கீழ் மதுரை" என்று ஊரின் பெயர் வரும். அதைப் படித்திருந்தபோது, மாடக்குளம் என்னும் நிருவாகப் பிரிவுக்கு உட்பட்ட மதுரை என்று மட்டும் பொருள் கொண்டிருந்தேன். கரைமேல் நின்ற அன்று, கீழ் என்ற சொல் எனக்குக் கண்ணால் விளங்கியது. தண்ணீர் மேலே நிற்கிறது. மடையைத் திறந்தால் தானாக இறங்கிப் போகும் தாழ்வில் வயல்கள் இருந்தன, வயல்களைத் தாண்டி ஊர் இருந்தது. இன்று வயல் இருந்த இடங்களில் பெரும்பாலும் வீடுகள். ஆனால் சரிவு மாறவில்லை. கரையிலிருந்து இறங்கி நகரை நோக்கித் திரும்பியபோது வெகு தூரம் எங்களில் எவரும் அழுத்தி மிதிக்கவே இல்லை.

அதன் பிறகு ஊர்ப் பெயர்கள் காதில் வேறு மாதிரி விழத் தொடங்கின. தல்லாகுளம், சொக்கிகுளம், பீ.பீ.குளம், உலகநேரி. இவற்றுள் சிலவற்றில் இன்று ஒரு கை தண்ணீர்கூட இல்லை, கட்டடங்கள் நிற்கின்றன. மழை பெய்யும்போது மட்டும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. 2024 அக்டோபர் இறுதியில் பெய்த கனமழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் கொள்ளாமல், சுற்றியுள்ள தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கு அடுத்த மாதம், தெருக்கள் உலர்ந்த பிறகு, கண்மாயிலிருந்து அந்த வாய்க்காலை ஒட்டியே வைகை வரை சைக்கிளில் போனோம். சில கிலோமீட்டர்களுக்குள் முடிந்துவிடும் அந்த வழிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். வாய்க்கால் எங்கே குறுகுகிறது, எங்கே பாலத்தின் அடியில் குப்பை அடைத்திருக்கிறது, எந்தச் சந்தில் தண்ணீர் திரும்பத் திணறும் என்பதைச் சிறுவர்கள்கூட விரலை நீட்டிக் காட்டினார்கள். எங்களோடு வரும் பத்து வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்குப் போய் அந்த வழியை வரைபடமாக வரைந்து, அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தான்.

வடக்கே போகும் ஞாயிறுகளில் அழகர்கோயில் சாலை. எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து வைகைக்கு வரும் சாலை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தை அவர் பல்லக்கில், வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று, இரண்டு இரவும் ஒரு பகலும் எடுத்துக்கொண்டு கடக்கிறார். மூன்றுமாவடியில் நகரத்து மக்கள் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று அவர் இறங்கி வரும் ஊர்களில் எல்லாம் கல் மண்டபங்கள் இருக்கின்றன. திருவிழா முடிந்த பிறகு ஆண்டு முழுதும் அவை வெறிச்சோடிக் கிடக்கும். எங்களுக்கு நிழலும் திண்ணையும் அவைதாம். ஒரு மண்டபத்துக்கும் அடுத்த மண்டபத்துக்கும் இடையிலான தூரம், பல்லக்கைச் சுமப்பவர்களின் தோளுக்கும் கூட நடப்பவர்களின் காலுக்கும் ஏற்ப அமைந்தது. அக்கா இறங்கி இளைப்பாற விரும்பும் இடத்தில் எல்லாம் ஒரு மண்டபம் இருந்தது.

இந்தச் சாலையில் கள்ளந்திரியில் பெரியாறு பிரதான கால்வாய் குறுக்கிடுகிறது. 1895 இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட தண்ணீர், வைகையோடு சேர்ந்து, பேரணையில் பிரிந்து, நகரத்தைத் தொடாமல் வடக்கே சுற்றிக்கொண்டு மேலூருக்குப் போகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோக ஆயக்கட்டு, அதாவது ஆண்டுக்கு இரு முறை பயிர் செய்யும் பாசன நிலம். அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அணையில் போதிய தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் இருபோகத்துக்கு ஜூனிலேயே திறந்துவிடுகிறார்கள்; ஒருபோகத்துக்குப் பிந்தித்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட ஓர் ஆண்டின் ஜூலை மாதத்தில் கள்ளந்திரியைச் சுற்றிச் சைக்கிளில் போய்ப் பாருங்கள். மதகுக்கு மேற்கே நாற்றங்கால் பச்சை கண்ணைப் பறிக்கும், நடவுக்கு ஆட்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். கிழக்கே சிறிது தூரம் போனதும் வயல்கள் வெடித்துக் கிடக்கும். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வரப்பில் நின்றபடி எங்களிடம் சொன்னார்: "தண்ணி எங்க கண்ணு முன்னாலதான் நிக்குது. எங்களுக்குத் தேதி வரணும்." செய்தித்தாளில் ஆண்டுதோறும் படித்துக் கடந்துபோகும் தண்ணீர் திறப்புச் செய்தி அன்றிலிருந்து எனக்கு அவருடைய முகமாக இருக்கிறது.

நத்தம் சாலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2023 இல் திறக்கப்பட்ட 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தின் அடியில், தூண்களின் நிழலிலேயே ஓட்டிக்கொண்டு போகலாம்; கோடைக்கு அது நல்ல வழி. சுற்றுச்சாலையைத் தவிர்க்கிறோம். நான்குவழிச் சாலையைத் தவிர்க்க முடியாதபோது ஓரக் கோட்டுக்கு வெளியே ஒற்றை வரிசையில் போகிறோம். கண்மாய்க் கரையிலும் ஊர்ச் சாலையிலும் மட்டும் இருவர் இருவராக. கரைகளில் சீமைக்கருவேல முள் ஏராளம். உதிர்ந்து காய்ந்த முள் புழுதியில் தெரியாது, டயரில் ஏறிய பிறகுதான் தெரியும். எனவே மாற்று டியூபும், டயர் கழற்றும் நெம்புகோல்களும், கைப்பம்பும் மூன்று பேரிடமாவது இருக்கும். முள் எடுத்துப் பஞ்சர் ஒட்டும் இருபது நிமிடத்தில் எவரும் முன்னால் போய்க் காத்திருப்பதில்லை, எல்லோரும் சைக்கிளைச் சுற்றி நிற்கிறோம்.

திரும்பி வந்ததும் விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில், அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சிய இந்தக் கஞ்சியைச் சூடாக, ஆவி பறக்க, கடைசியில் தேங்காய்ப்பூ தூவி வாங்கிக் குடிக்கும்போது, இரண்டு மணி நேரம் மிதித்த காலின் அயர்வு முழங்காலிலிருந்து இறங்கிப் போவது தெரியும். காலை வேளையில் மதுரையில் உழைப்பவர்கள் இதைத்தான் பல தலைமுறைகளாகக் குடித்து வருகிறார்கள். நேரம் தப்பிப் போனால் பாத்திரம் காலியாகியிருக்கும். இருந்தும், கடைசி ஆள் வந்து சைக்கிளை நிறுத்தும் வரை எவரும் தம்ளரைக் கையில் எடுப்பதில்லை என்பது எவரும் சொல்லாமலே எங்களுக்குள் ஏற்பட்ட பழக்கம்.

விதி மாறியபோது ஆறு பேர் விலகிப்போனார்கள். உடம்பை வருத்திப் பயிற்சி செய்யவும், வாரா வாரம் தங்கள் வேகத்தை ஆப்பில் பார்த்து முன்னேறவும் விரும்பியவர்கள் அவர்கள். சிறுமலை ஏற்றத்தை ஏறுகிறார்கள். கொடைக்கானலுக்கும் போய் வந்துவிட்டார்கள். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். மலையேற்றத்துக்கு அந்தப் பயிற்சி வேண்டும். ஆனால் அதையும் இதையும் ஒரே குழுவில் செய்ய முயன்றால் நாங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் செய்த பிழைதான் நடக்கும் என்பது என் உறுதியான எண்ணம். சேர்ந்து போவது என்று முடிவெடுத்துவிட்டால் சேர்ந்துதான் போக வேண்டும். பாதி தூரம் தனியே ஓட்டிவிட்டு, நிற்கிற இடங்களில் மட்டும் கூடுவதைச் சேர்ந்து போவதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலகியவர்களில் இருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களோடும் வருகிறார்கள்.

எங்கள் விதியிலும் ஒரு குறை இருந்தது. அதை ஆடி மாதம் எடுத்துக் காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக இறங்கி வரும் அந்த மேல்காற்று, மதுரைக்கு மேற்கே போகிறவரின் முகத்தில் நேராக அறையும். சைக்கிள் ஓட்டுபவருக்குக் காற்றே பெரும் சுமை. முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போக, அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். மெதுவாக மிதிப்பவரை முன்னால் விட்ட நாங்கள், வலுக் குறைந்தவர் காற்றைத் தாங்க, வலுவுள்ளவர்கள் அவர் நிழலில் சுகமாக வர ஏற்பாடு செய்திருந்தோம். துவரிமான் போகும் வழியில் ஒரு ஞாயிறு அக்கா முகம் சிவந்து, புடவைத் தலைப்பு பறக்க, உடம்பை முன்னால் வளைத்து மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு விதியைத் திருத்தினோம். எதிர்காற்றில் இருவர் அவருக்கு முன்னால் பக்கம் பக்கமாகப் போக வேண்டும். ஆனால் வேகத்தை அவர்தான் சொல்ல வேண்டும். "போ" என்றால் போக வேண்டும், "இரு" என்றால் குறைக்க வேண்டும்.

சென்ற ஆடி மாதத்தில் கீழடிக்குப் போனோம். தமுக்கத்திலிருந்து ஆற்றைக் கடந்து, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் சற்று நின்றோம். 1645 இல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தில் தண்ணீர் நிறைந்து, காற்று கிழக்குக் கரையில் அலையை மோதிக்கொண்டிருந்தது. அங்கிருந்து விரகனூர் வழியாக இராமேசுவரம் சாலையில், வைகையின் தென்கரையை ஒட்டிச் சிலைமான் வரை போய்த் திரும்பினால் கீழடி. அன்று காற்று முதுகில். சரிவும் கிழக்கே. அக்காவின் இருக்கை அதற்குள் ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறியிருந்தது. டயரில் காற்று கல்லாக நின்றது. விரகனூரைத் தாண்டியதும் அவர் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மிதியின் சுழற்சி கூடிக்கொண்டே போனது. என் கைக்கடிகாரம் மணிக்கு 19 கிலோமீட்டர் என்று காட்டியது, பிறகு 21. வரிசை நீள ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஓர் இளைஞன் "அக்கா, கொஞ்சம் மெதுவா" என்று கத்தினான். அவருக்குக் கேட்கவில்லை. புதுக்கோட்டை மண் சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் எப்படி ஓட்டியிருப்பார் என்பதைப் பின்னால் வந்த பதினேழு பேரும் அன்று பார்த்தோம்.

அருங்காட்சியகம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. 2014-15 இல் அகழாய்வு தொடங்கிய தென்னந்தோப்புப் பக்கம் போய் நின்றோம். செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும், ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓடும் வெளிவந்த மண் அது; ஒரு கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. 580 என்று கணிக்கப்பட்டிருக்கிறது. தன் பெயரைத் தானே எழுதிப் பார்க்கும் ஆசையைக் கிராமத்துப் பெண்களிடம் தூண்டிய அறிவொளி இரவுகளைப் பற்றி அக்கா அங்கே வெகு நேரம் பேசினார். கையெழுத்துப் போடத் தெரிந்த அன்று ஒரு பாட்டி தன் வீட்டு அடுக்குப் பானை எல்லாவற்றிலும் கரியால் பெயர் எழுதி வைத்ததைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

இளநீர் குடித்துவிட்டுச் சைக்கிளை மேற்கே திருப்பினோம். தென்னை ஓலைகள் எல்லாம் எங்களை நோக்கிச் சாய்ந்து இரைந்தன. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காற்றைப் பார்த்தார். "எதுத்தாப்புல பலமா இருக்கு தம்பி, மெல்லவே போவோம்" என்றார். வழியில் மூச்சு வாங்கிய அந்த இளைஞனும் ராணுவ வீரரும் வந்து அவருக்கு முன்னால் பக்கம் பக்கமாக நின்றார்கள். அவர் இருவருடைய பின் சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்த்து, காற்று சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, "போ" என்றார்.